பெர்னாண்டோவின் கார்

கீழே ஒழுங்கையில் இரும்புச் சங்கிலியொன்று தார்வீதியில் விழுந்த சத்தம் மாடிவரை அதிர்ந்தது.

நேசமலர் குசினியில் பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டிருந்தாள். வெள்ளவத்தையின் விடிகாலைச் சத்தங்கள் எல்லாம் அவளுக்குப் பழக்கம். கடற்கரை றெயில், மீன்காரனின் கூவல், காலி வீதி முனையில் ஆமிக்காரன் ஊதும் விசில். இது அவற்றில் ஒன்றுமில்லை.

சங்கிலி இழுபட்டது. எஞ்சின் ஒன்று உறுமியது.

ஜன்னல் சீலையை விலக்கிப் பார்த்தாள். அவளுடைய சாம்பல் நிறக் கொரோலா, முன்சில்லு இரண்டும் அந்தரத்தில் தொங்க, ஒரு பிறேக்டவுன் லொறியின் பின்னால் மாட்டப்பட்டிருந்தது.

"இஞ்சேருங்கோ! காரை இழுக்கிறாங்கள்!"

கணவன் எழும்பி வரும்வரை அவள் காத்திருக்கவில்லை. ஹவுஸ்கோட்டோடு, காலில் செருப்புமில்லாமல், படிகளில் பாய்ந்து இறங்கினாள்.

லொறிக்காரர் மூன்று பேர். அவர்களில் ஒருவன் காக்கிக் காற்சட்டை போட்டிருந்தான். காலிலோ றப்பர் செருப்பு. எந்தப் பொலிஸ்காரன் றப்பர் செருப்போடு வேலைக்கு வருகிறான்?

"மல்லி, மொகத மே?" என்று சிங்களத்தில் அதட்டினாள். தம்பி, இதென்ன வேலை?

அவன் விளக்குக் கம்பத்தைக் கைகாட்டினான். கம்பத்தில் ஒரு தகரப் பலகை. வாகனம் நிறுத்தக்கூடாது என்ற அடையாளம். ஒரு மூலை உடைந்திருந்தது. கம்பியில் கொளுவிய பலகை இன்னும் ஆடி அடங்கவில்லை.

நேற்று மாலை மரக்கறியோடு அவள் இந்தக் கம்பத்தடியால்தான் வந்தாள். அப்போது பலகையுமில்லை, ஒரு மண்ணுமில்லை.

"இப்பதானே இதைக் கொளுவினீங்கள்!"

"செக்கியூரிட்டி, நோனா," என்றான் காக்கிக் காற்சட்டை.

பாதுகாப்பு, அம்மா. கொழும்பில் இப்போதெல்லாம் அந்தச் சொல்லுக்கு மேலே யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனாலும் நேசமலர் கேட்டாள். யார் சொன்னது, எந்தப் பொலிஸ், கடிதம் எங்கே என்று தனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் கொட்டினாள்.

அவன் அவளுடைய கையைப் பார்த்துச் சிரித்தான். பட்டர்க் கத்தி இன்னும் கையில் இருப்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. நோனா கத்தியோடு வந்திருக்கிறா என்று மற்றவனுக்குச் சொன்னான்.

பகிடிதான். ஆனால் வெள்ளவத்தை ஒழுங்கையில் கத்தியோடு நிற்கும் ஒரு தமிழ்ப் பெண்ணைப் பற்றி உரத்துச் சொல்லக்கூடாத பகிடி. நேசமலர் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

அந்தத் தயக்கம் அவர்களுக்குப் போதுமாயிருந்தது. லொறி காலி வீதிப் பக்கம் திரும்பியது. மழை பெய்து கனநாள். ஆனால் லொறியின் இலக்கத் தகட்டில் மட்டும் சேறு அப்பியிருந்தது.

ஒழுங்கையின் ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. வாய் ஒன்றுகூடத் திறக்கவில்லை.

*

அந்தக் கார்தான் அந்த வீட்டின் அடுப்பை எரித்தது.

போன வருடம் ஒரு சுற்றிவளைப்பில் கணவன் யோகநாதனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மறுநாள் விட்டுவிட்டார்கள். ஆனால் அவன் வேலை செய்த கப்பல் கொம்பனி, இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டது. அப்போது நேசமலர்தான் கார் ஓடப் பழகினாள். பஸ்ஸில் குண்டு, றெயிலில் குண்டு என்று வெருண்டுபோயிருந்த தாய்மார், பிள்ளைகளை அவளுடைய காரில் கொன்வென்றுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். யோகநாதன் இப்போது புறக்கோட்டையில் ஒரு கடைக்குக் கணக்கு எழுதுகிறான். அந்தச் சம்பளம் அவனுடைய பஸ்ஸுக்கும் சிகரட்டுக்கும் சரி.

அவள் மேலே வந்தபோது அவன் சாரத்தை இறுக்கிப் பிடித்தபடி ஜன்னல் ஓரத்தில், வெளியிலிருந்து தெரியாத மாதிரி நின்றான்.

"ஒருக்கா இறங்கி வந்திருக்கலாமே!"

"வந்து? ஐசியைக் காட்டு எண்டு கேட்டிருந்தா?"

"கார் போகுது. உங்களுக்கு அடையாள அட்டையிலதான் கவலை."

"திரும்ப உள்ளுக்கு இருக்க என்னாலை ஏலாது, நேசம்."

அவள் அதற்கு மேல் அதைப் பிடித்து இழுக்கவில்லை. வேறொன்றைப் பிடித்தாள்.

"எந்த நாளும் கேற்றுக்கு உள்ளதானே காரை விடுறது. ராத்திரி ஏன் வெளியில விட்டனீங்கள்?"

யோகநாதன் வாய் திறக்குமுன் அறைக்குள்ளிருந்து அவனுடைய அக்கா ஜெகதீஸ்வரி வெளியே வந்தாள்.

"நான்தான் தம்பிக்குச் சொன்னனான். விடிய மிளகாய் காயப்போட இடம் வேணுமெண்டு. உவங்கள் வருவாங்களெண்டு நான் என்ன சாத்திரமே பாத்தனான்?"

ஜெகதீஸ்வரி யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து இந்த வீட்டில் இருக்கிறாள். அவளுடைய ஒரே மகன் கனடாவுக்கென்று ஏஜென்சிக்காரனை நம்பிப் போய், பாங்கொக்கில் ஓர் அறைக்குள், மிச்சக் காசு கட்டும்வரை, அடைபட்டுக் கிடக்கிறான். அவனிடமிருந்து ரெலிபோன் வந்த நாட்களில் அவள் ஒழுங்காய்ச் சாப்பிடுவாள். கொஞ்ச நாளாக அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை.

"எனக்கெண்டால் முன்வீட்டு மனிசனிலைதான் சந்தேகம்," என்றாள் ஜெகதீஸ்வரி. "எங்கடை கார் நிண்டா அந்தாளுக்குக் கண் குத்தும். அவன்தான் ரெலிபோன் அடிச்சிருப்பான்."

"பொலிசுக்குப் போவம்," என்றாள் நேசமலர்.

அக்காவும் தம்பியும் ஒரேநேரத்தில் "வேண்டாம்" என்றார்கள்.

யோகநாதன்தான் காரணம் சொன்னான். "பொலிசில முதற்கேள்வி என்ன? புத்தகம் ஆற்றை பேரில எண்டுதானே. என்ன சொல்லுவாய்?"

நேசமலர் கதிரையில் இருந்துவிட்டாள்.

காரின் பதிவுப் புத்தகம் நிக்கலஸ் பெர்னாண்டோவின் பேரில் இருந்தது. கொட்டாஞ்சேனைக்காரர், யோகநாதனோடு கப்பல் கொம்பனியில் வேலை செய்தவர். தமிழர்தான், கத்தோலிக்கர். அவரிடம்தான் காரை வாங்கினார்கள். விற்கிறவர் கையொப்பம் வைத்துக் கொடுத்த கடதாசிகளில் வாங்குகிறவரின் பெயரை எழுதாமல் வெறுமையாகவே விட்டுவைப்பதை ஓப்பின் பேப்பர் என்பார்கள். கொழும்பில் பாதிக் கார்கள் அப்படித்தான் ஓடுகின்றன. ஆனால் இவர்கள் அப்படி வைத்திருந்ததற்குத் தனிக் காரணம் உண்டு. கிருலப்பனைச் சந்தியிலோ தெகிவளைப் பாலத்திலோ காரை மறிக்கும் ஆமிக்காரன் புத்தகத்தின் பிரதியைக் கேட்பான். யோகநாதன் என்றிருந்தால் சீற்றையும் கழற்றச் சொல்லுவான். பெர்னாண்டோ என்றிருந்தால் சிங்களப் பெயரென்று நினைத்துக்கொண்டு போ என்று கையைக் காட்டுவான்.

அவளைச் சோதனைச் சாவடிகளில் காப்பாற்றி வந்த அந்தப் பெயர் இன்றைக்கு அவளுடைய வாயையே கட்டிப்போட்டிருந்தது.

பிள்ளைகளின் வீடுகளுக்கு ரெலிபோன் எடுத்தாள். கார் பழுதாகிவிட்டது என்று ஒரு பொய். எல்லாரும் சரி என்றார்கள், ஒரு தாயைத் தவிர.

"நாளைக்கு வருமோ நேசமலர்? இல்லையெண்டா வான்காரனுக்குச் சொல்லிப்போடுவன். மற்றவையும் கேட்டுக்கொண்டிருக்கினம்."

"நாளைக்கு வரும்," என்றாள் நேசமலர்.

யோகநாதன் அவசரமாக வெளிக்கிட்டான். "பின்னேரம் வந்து பாப்பம். நீ ஒண்டுக்கும் அவசரப்படாதை." அவள் ஊற்றி வைத்த தேத்தண்ணி மேசையிலேயே ஆடை படிந்து கிடந்தது. கார் போன வீட்டில் இந்த மனிதன் ஏன் இவ்வளவு அமைதியாகச் சப்பாத்துக் கட்டுகிறான்?

அந்த எண்ணம் வந்ததற்காக அவள் தன்னையே கடிந்துகொண்டாள். எண்ணம் போகவில்லை.

*

ஒழுங்கை முனைக் கடை முதலாளி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பருப்பு நிறுக்கிற சாட்டில் குனிந்து, லொறி போன இடத்தைச் சொன்னான். "ஒருகொடவத்த, நோனா. கொண்டெய்னர் யார்ட் பக்கத்தால. மம கிவ்வா கியலா கியன்ன எப்பா." நான் சொன்னதாகச் சொல்லிவிடாதீர்கள் என்பது அதன் கருத்து.

நேசமலர் விளக்குக் கம்பத்தைத் திரும்பிப் பார்த்தாள். பலகையைக் காணவில்லை.

"மோட்டர் சைக்கிளில் வந்து கழற்றிக்கொண்டு போனார்கள்," என்றான் முதலாளி.

திரீவீலரைப் பிடித்தபோது ஜெகதீஸ்வரி சேலையைச் செருகிக்கொண்டு ஓடிவந்து ஏறினாள். "உன்னைத் தனிய விட்டிட்டு என்னாலை வீட்டில இருக்க ஏலாது."

வழியெல்லாம் அவள் வாய் ஓயவில்லை. முன்வீட்டு மனிதன். கீழ்வீட்டில் புதிதாக வந்த பெடியன்கள். மீன்காரன். எல்லாரிலும் அவளுக்குச் சந்தேகம். நேசமலருக்கு ஒருவகையில் அது ஆறுதலாகவும் இருந்தது. தான் மனதுக்குள் செய்வதை மச்சாள் வாயால் செய்கிறாள்.

ஒருகொடவத்தையில் தகரம் அடித்த பெரிய கேற். உள்ளே தூசி மூடிய வாகனங்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. கேற்றுக்கு வெளியே, சுவரின் நிழலில், தொப்பி போட்ட ஒருவர் ஒரு பெயின்ற் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் குந்தியிருந்தார்.

"ஒங்கடயும் உள்ளுக்கா தங்கச்சி?"

"ஓம். கார். உங்கடை?"

"வேன். நான் ஸமீம், கிராண்ட்பாஸ்ல ஹார்ட்வெயார் கடை. கடைக்கு முன்னுக்கு வேன நிப்பாட்டி பெயின்ற் டின் எறக்கிட்டு ஈந்த. உள்ளுக்குப் போய்ட்டு வாரத்துக்குள்ள போர்டு ஒண்டு மொளச்சிட்டு."

"மூலை உடைஞ்ச போர்டோ?"

ஸமீம் எழும்பியே விட்டார். "அதே போர்டுதான்! அது ஒரெடத்தில நிக்கிறல்ல தங்கச்சி, ஊர் சுத்துது. லொறியிலயே வெச்சீக்கிறானுகள். கொளுவுறது, இழுக்கிறது, கழட்டுறது."

ஜெகதீஸ்வரி நேசமலரின் முழங்கையைத் தொட்டாள். "வா, உள்ள போவம்."

ஸமீம் விடவில்லை. "கேளுங்க. பொலிஸ்ட கடிதாசி இல்லாம எவன்ட வாகனத்திலயும் கை வைக்க இவனுகளுக்கு ஏலா. புதுக்கடைக் கோர்ட்டில எனக்குத் தெரிஞ்ச லோயர் ஒருத்தர் ஈக்கிறார். நாலஞ்சு பேர் ஒண்டா வந்தா கேஸ் போடலாம் எண்டார். ஒத்தையா வந்தா ஒவ்வொருத்தரையும் கறந்திடுவானுகள். நாங்க சண்டைக்குப் போகமாட்டோம், ஒங்கடாக்கள் வாயே தொறக்கமாட்டாங்க எண்டு தெரிஞ்சுதானே கிராண்ட்பாஸ், கொட்டாஞ்சேன, வெள்ளவத்த எண்டு பாத்துப் பாத்து இழுக்கிறானுகள். பணக்காரனுகள் ஈக்கிற கறுவாத்தோட்டத்தில இந்தப் போர்டு தொங்குமா?"

நேசமலருக்கு அந்த மனிதரின் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போலிருந்தது.

"நீங்களும் வாங்க. கார் ஒங்கட பேர்லதானே?"

நேசமலர் ஜெகதீஸ்வரியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவளுக்குக் கேஸ் ஒண்டும் வேண்டாம்," என்றாள் ஜெகதீஸ்வரி. "காரைத் தந்தாக் காணும்."

ஸமீம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். விளங்கிக்கொண்டவர் போல வாளியில் திரும்பவும் குந்தினார். "வெளங்குது. அப்பிடியும் கொஞ்சப் பேர் வந்து போறாங்க," என்றார் மெல்ல.

*

பழைய கொண்டெய்னர் ஒன்றுக்குக் கதவு வெட்டி ஒஃபிஸ் ஆக்கியிருந்தார்கள். உள்ளே வெற்றிலை குதப்பும் ஒரு கனத்த மனிதன். மின்விசிறி அவனை மட்டும் பார்த்துச் சுழன்றது.

"சாம்பல் கொரோலாவா? அயித்திக்காரயா அரகென கியா."

சொந்தக்காரர் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாராம்.

நேசமலருக்கு முதலில் விளங்கவில்லை. திரும்பவும் கேட்டாள். அவன் திரும்பவும் அதையே சொன்னான்.

"நான்தானே சொந்தக்காரி!"

"அப்படியா?" அவன் சிங்களத்தில் சொல்லிக்கொண்டே வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கினான். "நோனாவின் பெயரும் பெர்னாண்டோவா?"

அவள் மேசையில் விரிந்து கிடந்த பதிவுக் கொப்பியை எட்டிப் பார்த்தாள்.

"நிக்கலஸ் பெர்னாண்டோ. ஐசியைக் காட்டினார், தர வேண்டியதைத் தந்தார், ஏறிப் போனார். நல்ல மனிதர். பேரம்கூடப் பேசவில்லை."

"எப்பிடியான ஆள்?"

"உயரம். மீசை. கண்ணாடி."

 நிக்கலஸ் நேசமலரின் தோளுக்கு மேல் வளராத மனிதர். மீசையும் கிடையாது.

"ஐசியில இருந்த படத்தைப் பாத்தனீங்களோ?"

"பழைய ஐசி எல்லாவற்றிலும் ஒரே முகம்தான், நோனா." அவன் தன் பகிடிக்குத் தானே சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ரெலிபோனைத் தன் பக்கம் இழுத்தான். "வேண்டுமென்றால் பொலிசுக்கு எடுப்போமா? நோனாவின் ஐசியையும் அவர்கள் ஒருமுறை பார்க்கட்டும். அடுத்தவரின் காரை ஏன் தேடுகிறா என்றும் கேட்கட்டும்."

ஜெகதீஸ்வரி அவளை வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள். அவளுடைய உள்ளங்கை ஈரமாக இருந்தது.

வெயில் கண்ணைக் குத்தியது. காலையில் கார் போனபோது வந்தது கோபம். இப்போது வந்தது வேறு. தன் கார், தனக்குத் தெரியாத ஒருவனின் கையில், இந்த நகரத்துக்குள் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது. அது குண்டோடு போய் ஏதாவது பெரிய கட்டடத்தின் முன்னால் நின்றால்? பின்சீற்றில் பிள்ளைகள் மறந்துவிட்டுப் போன தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் கிடக்கின்றன. தேடி வருகிறவர்கள் எந்த வீட்டுக்கு வருவார்கள்?

"குடுத்திட்டானா?" என்று ஸமீம் கேட்டார்.

"வேற ஆரோ வந்து எடுத்துக்கொண்டு போட்டினமாம்."

"காலையில இழுத்த காரையா?" அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "என்ட வேனுக்கு, பெரிய மஹத்தயா வரோணும், நாளைக்கு வா, நாளண்டைக்கு வா எண்டு இழுத்தடிக்கிறான். ஒங்கட கார மட்டும் இவ்வளவு கெதியா வெளிய உட்டீக்கான் எண்டா, தங்கச்சி, அது வேற வெளயாட்டு. இந்தக் காரு இங்க வரும் எண்டு ஆரோ முன்னுக்கே தெரிஞ்சு காத்துட்டு ஈந்தீக்கி."

*

திரீவீலர் புறப்பட்டும் நேசமலர் எங்கே போவதென்று சொல்லவில்லை. அந்த வார்த்தை தலைக்குள் சுற்றியது. முன்னுக்கே தெரிஞ்சு.

புத்தகம் யாருடைய பேரில் என்று யாருக்குத் தெரியும்? முன்வீட்டு மனிதனுக்குத் தெரியாது. மீன்காரனுக்குத் தெரியாது. நிக்கலஸுக்குத் தெரியும். அவருடைய பெயரில் ஒரு ஐசி வந்திருக்கிறதென்றால் அவர் கொடுக்காமல் எப்படி வரும்? விற்ற காரைத் திரும்ப எடுத்து இன்னொருவனுக்கு விற்கிறாரா? சட்டப்படி இன்றைக்கும் கார் அவருடையதுதானே.

யோகநாதனுக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் நிக்கலஸோடு ரெலிபோனில் நெடுநேரம் இருப்பான். என்ன கதைப்பார்கள் இருவரும்? ஆடை படிந்த அந்தத் தேத்தண்ணி மீண்டும் கண்ணுக்குள் வந்தது.

"முன்வீட்டு மனிசனுக்கு மீசை இருக்கெல்லே?" என்றாள் ஜெகதீஸ்வரி.

"கொஞ்சம் பேசாமல் இருங்கோ மச்சாள்." பிறகு முன்னால் குனிந்து சாரதியிடம் சொன்னாள். "கொட்டாஞ்சேனைக்கு விடுங்கோ."

"கொட்டாஞ்சேனைக்கோ? உனக்கென்ன விசரே? வழி முழுக்கச் செக்பொயின்ற். எனக்குப் பொலிஸ் பதிவு வெள்ளவத்தைக்குத்தான். வீட்டை போய்த் தம்பி வந்தாப்பிறகு யோசிப்பம்."

"நீங்கள் வேணுமெண்டா இறங்கிப் பஸ்ஸில போங்கோ. நான் நிக்கலஸ் அங்கிளை முகத்துக்கு நேரை கேக்கப்போறன்."

ஜெகதீஸ்வரி இறங்கவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தாள்.

ஆமர் வீதிச் சந்தியில் மறித்தார்கள். இளம் ஆமிக்காரன் இருவரின் அட்டைகளையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எங்கே போகிறீர்கள்?

"பள்ளியட்ட," என்றாள் நேசமலர். கோயிலுக்கு. கொட்டாஞ்சேனைக்குப் போகும் எந்தச் சனத்துக்கும் அந்தப் பதில் பொருந்தும்.

அவன் கையைக் காட்டினான். ஜெகதீஸ்வரி சீற்றின் மூலைக்குள் ஒடுங்குவதை நேசமலர் கண்டாள். பாவம், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாளிலிருந்து சீருடையைக் கண்டால் இப்படித்தான். அவளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்து அழுத்தினாள்.

"பயப்பிடாதேங்கோ மச்சாள். நான் இருக்கிறனெல்லே."

ஜெகதீஸ்வரி தலையைத் திருப்பவில்லை.

பேராலயத்துக்குப் பின்புற ஒழுங்கையில் நிக்கலஸின் மாடிவீடு. திரீவீலர் வீட்டின் எதிரே நின்றது.

"முழங்கால் ஏலாது. படி ஏறமாட்டன். நான் இதுக்குள்ளையே இருக்கிறன். நீ கெதியாய்க் கேட்டிட்டு வா," என்று ஜெகதீஸ்வரி தலைப்பால் தலையை மூடிக்கொண்டாள். "கனக்கக் கதைக்காதை. அவையளும் பெரிய கள்ளர்தான்."

*

நிக்கலஸின் மனைவி பிறிஜெற் கதவைத் திறந்தாள். மாவு படிந்த கையை உடுப்பில் துடைத்துக்கொண்டே முகமெல்லாம் சிரித்தாள்.

"வாங்க மகள், வாங்க. கொண்டாந்தீங்களா?"

"என்னத்தை அன்ரி?"

"உள்ள வாங்க முதல்ல. இவர் நேத்திலருந்து கேட்டுக்கிட்டே இருக்கிறார்."

நேசமலர் வழியெல்லாம் கூராக்கிக்கொண்டு வந்த வார்த்தைகள் வாசலிலேயே மழுங்கின. நிக்கலஸ் கட்டிலில் கிடந்தார். இடுப்பிலிருந்து பாதம்வரை ஒரு கால் முழுவதும் வெள்ளைப் பிளாஸ்ரர்.

"குளிக்கிற அறையில வழுக்கிட்டு," என்றார். "வயசுக்கு ஏத்த மாதிரியா விழுந்தேன்? பெடியன் மாதிரிப் பறந்து விழுந்தேன்."

"அங்கிள், நீங்கள் இண்டைக்கு ஒருகொடவத்தைக்குப் போகேல்லையே?"

"ஒருகொடவத்தைக்கா? கக்கூசுக்குப் போறதுக்கே இவளோட தோள் வேணும்."

அவள் கட்டிலின் கால்மாட்டில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். லொறி, பலகை, உயரமான மனிதன், அவன் காட்டிய ஐசி. சொல்லச் சொல்ல நிக்கலஸின் முகத்தில் இருந்த சிரிப்பு கழன்று விழுந்தது. பிறிஜெற் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ட பேர்ல எவனோ காரை ஓட்டிட்டுத் திரியிறான்," என்றார் நிக்கலஸ். "அது எங்கயாவது வெடிச்சா என்னையத்தானே தூக்குவாங்க? இந்தக் காலோட என்னால ஓடக்கூட ஏலாதே!"

"உங்கடை ஐசி எங்கை அங்கிள்?"

நிக்கலஸும் பிறிஜெற்றும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன கேள்வி இது?" என்றார் நிக்கலஸ். "பேரை மாத்துங்க மாத்துங்க எண்டு எத்தனை தரம் உங்கட வீட்டுக்காரருக்குத் தலையால அடிச்சேன்? கடைசியில மாத்தப் போறீங்க எண்டு கேட்டதும் எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா? ஒரிஜினல் ஐசியைக் காட்ட வேணும் எண்டு சொன்னதாலதானே குடுத்தேன். அடுத்த நாளே திருப்பித் தர்றதா பேச்சு. ஐசி இல்லாத வீட்டில, ராத்திரியில யாராவது கதவைத் தட்டினா நாங்க என்னத்தைக் காட்டுறது?"

 யார் வந்து கேட்டிருப்பார்கள் என்று நேசமலருக்குத் தெரிந்துவிட்டது. காலையிலிருந்து தெரிந்திருந்தது. சப்பாத்துக் கட்டிய அவசரம். பொலிசுக்கு வேண்டாம். பின்னேரம் பாப்பம். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து இந்த மனிதனுக்காக அவள் ஆமிக்காரனோடும் அயலோடும் வாதாடியிருக்கிறாள்.

"இவர் எப்ப வந்தவர்?" என்று கேட்டாள்.  "யோகன் எப்ப வந்து வாங்கினவர்?"

"யோகநாதன் தம்பியா?" பிறிஜெற் விழித்தாள். "அவர் இந்தப் பக்கம் வந்து எவ்வளவு நாளாச்சு! சந்தியில சோதனை கூடினதிலருந்து பயம் எண்டு போன்லதானே பேசுறார். பாவம் மனுசன்."

நேசமலருக்கு ஒரு கணம் மூச்சு வந்தது. மறுகணம் அது நின்றது.

"அப்ப ஆரிட்டைக் குடுத்தீங்கள்?"

 பிறிஜெற்றுக்கும் பயம் பிடித்துவிட்டது போலிருந்தது. "தனியவா வந்தீங்க மகள்? யாராவது பின்னால வந்தாங்களா?" என்று கேட்டபடி ஜன்னலடிக்குப் போனாள்.

"ஒருத்தரும் வரேல்லை அன்ரி. எங்கடை மச்சாள் மட்டும்தான். அவவுக்குப் படி ஏற ஏலாது."

பிறிஜெற் ஜன்னல் சீலையை ஒதுக்கிக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். திரும்பியபோது அவளுடைய முகத்தில் பயம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"என்ன மகள் இது? ஐசியை வாங்கிட்டுப் போன அக்காவைக் கீழ திரீவீலருக்குள்ள இருத்தி வெச்சிட்டு, யார்கிட்டக் குடுத்தீங்க எண்டு எங்ககிட்ட வந்து கேக்கிறீங்களே?"